ஸான்யால் எழுதிய சிபாரிசு

கதவைத் தட்டாமலேயே உள்ளே நுழைந்தாள் ஊர்மிமாலா. தேநீர் குடித்துக்கொண்டிருந்த பேராசிரியர் ஸான்யால் திடுக்கிட்டு நிமிர்ந்தார்.

"என் பொழைப்புல ஏன் ஸார் மண்ணை அள்ளிப் போட்டீங்க?"

"ஊர்மி, முதல்ல உட்காரு."

"உட்கார வரல. நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டுட்டுப் போகத்தான் வந்தேன்."

அவரிடம்தான் அவள் முனைவர் பட்டம் வாங்கினாள். நெல் வேரில் வாழும் பூஞ்சையைப் பற்றிய அவளுடைய ஆய்வுக்கு நல்ல பெயர். மேலாய்வுக்காக ஜெர்மனி, நார்வே, ஜப்பான் என்று ஓர் இடம் விடாமல் விண்ணப்பித்தாள். எல்லோரும் நேர்காணல்வரை ஆசை காட்டிவிட்டுக் கடைசியில் கைவிரித்தார்கள்.

காலையில் ஜப்பானிலிருந்து தோழி ரீமா போன் செய்தபோதுதான் காரணம் விளங்கியது. "எங்க புரொஃபசர் உன்னைத்தான் எடுக்கிறதா இருந்தார்டி. உன் கைடுகிட்டேருந்து மெயில் வந்துச்சு. அதோட உன் பேரைத் தூக்கிட்டார்."

கேட்டதும் கொதித்துக் கிளம்பியவளைக் கணவன் சந்தீபன்தான் கையைப் பிடித்துத் தடுத்தான். "போனது போகட்டும் விடு ஊர்மி. பெரியவர்கிட்ட சண்டை போட்டு என்ன ஆகப்போகுது? இங்கேயே ஒரு காலேஜ்ல வேலை பார்த்துக்கலாம்."

பேரன், பேத்தி என்று மாமியார் ஆரம்பிக்கும்போதெல்லாம், 'முதல்ல அவ வெளிநாடு போயிட்டு வரட்டும்மா' என்று வாயை அடைப்பவன் அவன். அவனுக்காகவாவது பொறுத்துப்போகலாம் என்று பார்த்தாள். முடியவில்லை.

"உங்க லேப்ல மாடா உழைச்சேன். உங்க பொண்ணு கல்யாணப் பந்தியில மீன் பரிமாறினேன். துர்கா பூஜைக்குக்கூட வீட்டுக்குப் போகாம உங்க கட்டுரையைத் திருத்தினேன். எனக்காக ஒரு நல்ல வார்த்தை எழுத உங்க கை கூசிச்சா ஸார்?"

"உன்னைப் பத்தித் தப்பா ஒரு எழுத்துகூட எழுதலம்மா."

"பொய்!" மேசையில் ஓங்கி அறைந்தாள். மண்குவளை உருண்டு தேநீர் தாள்களின் மேல் ஓடியது. வராந்தாவில் மாணவர்கள் கூடிவிட்டார்கள். "அப்ப ஜப்பானுக்கு என்னத்தை எழுதினீங்க?"

ஸான்யால் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார். ஒரு நாற்காலியை இழுத்து அவள் அருகில் போட்டார்.

"என்கிட்ட படிச்சவங்கள்ல நீதான் கெட்டிக்காரின்னு எழுதினேன். இந்த வருஷம் அவளால வரமுடியாது, அடுத்த வருஷம் ஒரு இடம் வச்சிருங்கன்னும் எழுதினேன். எல்லாருக்கும் அதையேதான் எழுதினேன்."

"யாரைக் கேட்டு எழுதினீங்க? எனக்கென்ன கேடு, நான் போகமுடியாம?"

"மெதுவாம்மா, மெதுவா. பிள்ளைத்தாச்சி இப்படிக் கத்தக் கூடாது."

"பிள்ளைத்தாச்சியா? நானா?" நாற்காலியைத் தள்ளிவிட்டு முன்னே வந்தாள். "எவன் சொன்னான்?"

ஸான்யால் திருதிருவென்று விழித்தார்.

"சந்தீபன்தானேம்மா சந்தேஷ் ஸ்வீட் டப்பாவோட வந்து சொல்லிட்டுப் போனார்!"