வேம்படியில் ஒன்பது

எலிக்கூட்டின் கதவைத் திறந்து பிடித்தபடி ஏரம்பு வாய்க்கால் வரம்பில் குந்தியிருந்தான். எலி வெளியே வருவதாயில்லை.

கூட்டைச் சரித்தான். அடியில் தட்டினான். எலி கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு அவனையே பார்த்தது.

அவனுக்குக் கால் நிலத்தில் பாவவில்லை. விடியமுன்னமே நாகேஸ்வரிக்கு வலி கண்டுவிட்டது. மருத்துவிச்சி பூரணம் வந்தாள். வந்த கையோடு, ஆம்பிளைக்கு இங்கே என்ன அலுவல் என்று அவனை முற்றத்துக்குத் துரத்தினாள். முற்றத்தில் நிற்க முடியாமல் அடுப்படிக்குப் போனான். குசினியில், கூட்டுக்குள், இது.

இன்றைக்கென்றாலும் கூட்டை இப்படியே வைத்துவிட்டு ஓடியிருக்கலாம். ஆனால் வெயில் ஏறுகிறது. உள்ளே கிடந்து செத்துத் தொலைத்தால் அதுவும் அவன் கொன்றதுதானே.

பெண்சாதி பிள்ளைத்தாய்ச்சியாக இருக்கிற வீட்டில் புருஷன் ஓர் உயிரைக் கொல்லக்கூடாது. உரும்பிராயில் இது தெரியாத ஆள் இல்லை. ஏரம்புவுக்கும் தெரியும். தெரிந்திருந்தும், நாலு வருஷத்துக்கு முன், அவள் முதற்பிள்ளையைச் சுமந்துகொண்டிருந்த ஆறாம் மாதம், புகையிலைக் குடிலுக்குள் காலடியில் ஓடிய எலியை மண்வெட்டியால் ஒரே போடாகப் போட்டான். யோசிக்க முன்னம் கை முந்திவிட்டது.

அந்தப் பிள்ளை பிறந்தது. அழவில்லை.

எலியின் சங்கதியை அவன் நாகேஸ்வரி ஒருத்திக்குத்தான் சொன்னான். அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள்.

இம்முறை, வயிற்றில் பிள்ளை என்று தெரிந்த நாளிலிருந்து, எறும்பைக் கண்டாலும் விலகி நடந்தான். யுத்தம் எங்கேயோ நடந்தது. இங்கே அரிசியைக் கூப்பனுக்கு அளந்து கொடுத்தார்கள். அந்த அரிசியிலும் எலி பங்கு கேட்டது. தேங்காய்ச் சொட்டைச் சுட்டு வைத்துக் கூட்டில் பிடிப்பான். தோட்டம் தாண்டி, பனங்கூடல் தாண்டி, இந்த வாய்க்காலுக்குக் கொண்டுவந்து விடுவான். வழியில் தண்ணீர் இறைக்கக் கிணற்றுத் துலா மிதிக்கிற சிமியோன், மேலே நின்று ஊருக்கே கேட்கக் கத்துவான்.

"எடேய் ஏரம்பு, ஊர் விதானையாரிட்டைச் சொல்லி உந்த எலியளுக்கும் ஒரு கூப்பன் எடுத்துக் குடன்!"

இன்றைக்குச் சிமியோன் பகிடி விடவில்லை. துலாவில் ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தான். ஏறும்போதெல்லாம் ஏரம்புவின் வீட்டு வளவுப் பக்கம் ஒருதரம் பார்த்துக்கொண்டான். அங்கிருந்து பார்த்தால் முற்றம் தெரியும்.

ஏரம்பு சிமியோனைப் பார்த்தான். எலியைப் பார்த்தான். திரும்பவும் சிமியோனைப் பார்த்தான்.

"போவன், சனியனே."

எலி போகவில்லை.

துலா பாதியில் நின்றது.

"எடேய்! பூரணமக்கா முத்தத்திலை நிண்டு கையைக் காட்டுறா! ஓடு!"

தனக்குத்தான் சொன்னதென்று நினைத்ததோ என்னவோ, எலி ஒரே பாய்ச்சலில் இறங்கிப் புல்லுக்குள் போய்விட்டது. ஏரம்பு கூட்டை விட்டெறிந்துவிட்டு மற்றப் பக்கம் ஓடினான்.

வேலிப் படலையடியிலேயே அழுகை கேட்டது. கூரையைப் பிய்க்கிற அழுகை. பெண்பிள்ளை.

பூரணம் கிணற்றடிக்குப் போன நேரம் பார்த்து அறை வாசலில் போய் நின்றான். நாகேஸ்வரி வியர்த்த முகத்தோடு சிரித்தாள். அவனும் சிரிக்கத்தான் பார்த்தான். வாய் கோணிக்கொண்டு போனது. நிலையைப் பிடித்தபடி விம்மி விம்மி அழுதான்.

"என்னப்பா இது? பிள்ளை சுகமாயெல்லோ கிடக்கு."

"அதுதான், நாகேசு. இந்த முறை நான் ஒண்டையும் கொல்லேல்லை. பிள்ளை அழுகுது. அப்ப மற்றப் பிள்ளையை... நான்தானே."

அவள் அவனைப் பார்த்தாள். பிறகு பிள்ளையைப் பார்த்தாள். பிள்ளையின் வாயோரத்தைச் சேலைத் தலைப்பால் ஒற்றிவிட்டுச் சொன்னாள்:

"ஒண்டு சொல்லுவன், கத்தக்கூடாது. நீங்கள் வேலைக்குப் போனாப் பிறகு நான் விளக்குமாத்துக் கட்டையாலை அடிச்சுக்கொண்டுதான் இருந்தனான். ஒன்பது எலி. பின்வளவு வேம்படியிலை தாட்டுக் கிடக்கு."

"இந்த வயித்தோடையோ?"

"பின்னை? கூப்பன் அரிசியை எலிக்கு விடுறதே? ஒன்பது செத்தும் பிள்ளைக்கு ஒண்டும் ஆகேல்லை. உங்கடை ஒரு எலி என்ன செய்யும்?"

அவன் அழுகை நின்றது. பிறகு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு பின்வளவுக்குப் போனான்.

வளவில் இருந்தது ஒரேயொரு வேம்பு. அதன் அடி இறுகி, செங்கல்லாகக் கிடந்தது. மாரிக்குப் பிறகு அதில் ஒரு கை பட்ட அடையாளம் இல்லை. மரத்தை ஒருதரம் சுற்றி வந்தான். இன்னொருதரம் சுற்றினான். காய்ந்த சருகைக் காலால் விலக்கிப் பார்த்தான். கீழே கறையான் கட்டிய மண்வரி, போன வருஷத்து உக்கிய இலைகளோடு, குலையாமல் கிடந்தது.

வேலிக்கு அப்பால் துலா மறுபடியும் கிறீச்சிடத் தொடங்கியது.

ஏரம்பு மண்வெட்டியை ஓங்கினான். நாலு கொத்துக் கொத்தினான். செம்மண் பிளந்தது. பிறகு அதைத் திரும்ப மூடிக் காலால் மிதித்துவிட்டு வந்தான்.

"பாத்தியளோ?" அறைக்குள்ளிருந்து நாகேஸ்வரியின் குரல் வந்தது. மெல்லிய குரல்.

கையில் ஒட்டிய மண்ணை வேட்டியில் துடைத்தான்.

"ஓம்," என்றான். "ஒன்பதும் கிடக்கு."