உழாத தோப்பு

அமர்நாத் மண்வெட்டியைக் கையில் வாங்கிக்கொண்டார். ஆனால் யோகப்பிரியா காட்டிய இடத்தில் வெட்டவில்லை.

"நீங்க காமிக்கற எடத்துல மண்ணு நன்னாத்தான் இருக்கும். நானே ஒரு எடம் பாத்து வெட்டறேனே?"

பாலக்காட்டிலிருந்து வேனில் வந்திருந்தவர்கள் சிரித்தார்கள். அமர்நாத் கல்பாத்திக்காரர், வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். சித்தூர்ப் பக்கம் கொஞ்சம் நிலம் வாங்கியிருக்கிறார். காலையிலிருந்து அவர்தான் அதிகம் கேள்வி கேட்டார். குத்தல் எதுவும் இல்லை. நாளைக்குத் தன் நிலத்தில் செய்து பார்க்கப்போகிறவர் கேட்கிற கேள்விகள்.

யோகப்பிரியா மறுபடியும் வாய்க்கால் ஓரத்தையே காட்டினாள். "எல்லாப் பக்கமும் இதே மண்ணுதானுங்க. இங்கயே வெட்டிப் பாருங்க."

கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே இருக்கும் அவளுடைய தென்னந்தோப்பில் உழவு நின்று வருடங்கள் ஆகின்றன. ஓலையும் மட்டையும் விழுந்த இடத்திலேயே மக்குகின்றன. மரங்களுக்கிடையே தட்டைப்பயறும் சணப்பும் விதைத்து, பூக்கிற சமயத்தில் அப்படியே சாய்த்து, மண்ணை மறைக்கும் மூடாக்காகப் போட்டுவிடுவாள். பங்குனியில் சுற்றியுள்ள வயல்காடெல்லாம் வெடித்துக் கிடக்கும்போது இங்கே மட்டும் மண் ஈரமாக இருக்கும். அதைத் தொட்டுப் பார்த்துக் கற்றுக்கொள்ளத்தான் மாதாமாதம் வேன் வருகிறது.

வருகிறவர்கள் வாய்க்கால் ஓரத்தில் தோண்டுவார்கள். மண்ணை அள்ளி முகர்வார்கள். மண்புழு தேடுவார்கள். குழியை மூடிவிட்டுச் சாப்பிடப் போவார்கள்.

மூடிய குழிகளின் தடம் வாய்க்காலை ஒட்டி வரிசையாகத் தெரிந்தது. அமர்நாத் அதைப் பார்த்துவிட்டார்.

"எல்லாரும் இங்கேயேதான் வெட்டியிருக்கா போலருக்கே?"

இப்போது யாரும் சிரிக்கவில்லை. ஒரு பெண் கைபேசியை உயர்த்திப் படமெடுக்கத் தொடங்கினாள்.

யோகப்பிரியாவுக்கு முகம் சுட்டது. அவர்கள் என்ன நினைக்கிறார்கள் என்று தெரிந்தது. வாய்க்கால் ஓரத்தில் மட்டும் வண்டி வண்டியாக எருவைக் கொட்டி ஊரை ஏமாற்றுகிறாள். கூடாது என்று சொன்னால் இத்தனை வருடம் சொல்லிக் கொடுத்ததெல்லாம் இன்றோடு போச்சு. சரி என்று சொல்ல வாய் வரவில்லை.

அவள் பேசாமல் நின்றதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டு அமர்நாத் தோப்புக்குள் நடந்தார்.

மட்டைகள் அவர் காலடியில் முறிந்தன. ஒரு மரத்தடியில் நின்று மூடாக்கை விலக்கிப் பார்த்தார். அவர் தலையை ஆட்டிவிட்டு நகர்ந்தார். அடுத்த வரிசையில் நின்றார். அவள் பின்னாலேயே போனாள்.

"பாம்பு கெடக்குமுங்க," என்றாள். பொய்யில்லை. ஆனால் அதற்காகச் சொல்லவில்லை.

"பாத்துக்கறேன்," என்று அவர் மேலே நடந்தார்.

அவள் கணவன் மோகனசுந்தரம் தூரத்தில் சொட்டுநீர்க் குழாயில் அடைப்பு எடுத்துக்கொண்டிருந்தான். இந்த வகுப்புகளின் பக்கமே அவன் வருவதில்லை. உழ வேண்டாம் என்பது அவள் பிடிவாதம். அவன் தடுக்கவில்லை, அவ்வளவுதான்.

கிழக்கு வேலிக்கு முந்தைய வரிசையில், இரண்டு மரங்களுக்கு நடுவே அமர்நாத் நின்றார். அங்கே அடையாளம் எதுவும் இல்லை. சருகும், சாய்ந்து காய்ந்த சணப்பும்தான். காலால் ஒதுக்கினார். மண்வெட்டியை ஓங்கினார்.

"வேண்டாமுங்க!"

கத்தியது அவள் அல்ல.

மோகனசுந்தரம் குழாயைப் போட்டுவிட்டு ஓடிவந்து, சேற்றுக்கையோடு மண்வெட்டியின் பிடியைப் பற்றிக்கொண்டான். மூச்சிரைத்தது.

"அடியில மோட்டார் ஒயர் போகுதுங்க. வெட்டிப்போட்டா ஆபத்துங்க."

அமர்நாத் திரும்பி மோட்டார் அறையைப் பார்த்தார். அது தோப்பின் மறுகோடியில் இருந்தது. மின்கம்பமும் அங்கேதான். ஏதோ சொல்ல வாயெடுத்தவர், மண்வெட்டிப் பிடியை விடாமல் இறுக்கியிருந்த அந்தக் கையைப் பார்த்தார். பிடியை விட்டுவிட்டார்.

யோகப்பிரியா அவரைப் பார்க்கவில்லை. கணவனின் கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவ்வளவு வேகமாக ஓடிவந்தவன், அந்த இடத்தை மிதிக்காமல் ஒரு முழம் தள்ளி நின்றிருந்தான்.

அவள் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, பிறந்தும் அழாமலே போன பெண் குழந்தையைத் துணியில் சுற்றி எடுத்து வந்து தோப்பில் புதைத்தவன் அவன்தான். பெற்றவளுக்கு இடம் தெரியக்கூடாது என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள். அவன் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. ஆனால் அந்த ஆடியில் டிராக்டர் உழ வந்தபோது அவள் அதன் முன்னால் போய் நின்றுகொண்டாள். எந்த இடம் என்று தெரியாததால் தோப்பு முழுக்கவே உழவிடவில்லை. தண்ணீர் ஓடும் வாய்க்கால் ஓரத்தில் அவன் புதைத்திருக்க மாட்டான் என்று அந்த ஓரத்தைத் தவிர, வேறெங்கும் யாரையும் தோண்டவும் விடவில்லை.

மூடாக்கு, நுண்ணுயிர், மண்ணின் ஈரம் எல்லாம் அதற்குப் பிறகு படித்துத் தெரிந்துகொண்டவை. ஊர் கேட்டால் சொல்ல அவளுக்கு ஒரு காரணம் வேண்டியிருந்தது. படிக்கப் படிக்க அது உண்மையாகவும் இருந்தது.

அவள் மண்டியிட்டு, அமர்நாத் ஒதுக்கிய சருகை அள்ளி அங்கேயே பரப்பினாள். கையை உடனே எடுக்க முடியவில்லை. மோகனசுந்தரம் வேறு பக்கம் திரும்பி நின்றான்.

பிறகு அவள் எழுந்து கூட்டத்தைப் பார்த்தாள்.

"இந்த ஒரு எடத்த மட்டும் விட்டுப்போட்டு, தோப்புக்குள்ள எங்க வேணும்னாலும் வெட்டிப் பாருங்க."