படகில் வந்த அம்மா

வண்டி ஏறினாலே வாந்தி. அதனால் தங்கை சுகுணாவின் குழந்தையை வெண்மதி இன்னும் பார்க்கவில்லை. அன்று அங்கே போகக் காரில் ஏறியதும், கணவன் மாதேஷ் அவள் கண்ணில் படக்காட்சி காட்டும் வி.ஆர். கண்ணாடியை மாட்டிவிட்டான். கார் வளைந்தால் அதில் தெரிகிற படகும் வளையும், குமட்டாது என்றான். நல்லம்பள்ளியிலிருந்து காரிமங்கலம் வரை அவள் வாய்விட்டுச் சிரித்துக்கொண்டே வந்தாள்.

இறங்கியதும், “வாந்தியே வரலைங்க! படகுல இருந்த அந்தம்மா வழியெல்லாம் என் நெத்தியப் புடிச்சிட்டே வந்தாங்க,” என்றாள்.

“அதுல ஆளே கெடையாது வெண்மதி, வெறும் படகுதான்.”

சுகுணா குழந்தையோடு வாசலுக்கு ஓடிவந்தாள். “என்னக்கா, நெத்தியில அஞ்சு வெரலும் மஞ்சளா பதிஞ்சிருக்குது?”

வெண்மதி தொட்டுப் பார்த்தாள். ஈரம் காயவில்லை. அவளுக்குப் பயம் வரவில்லை. குழந்தையை வாங்கி அணைத்துக்கொண்டு, “போறப்பவும் அந்தப் படகுலயே போலாங்க,” என்றாள்.