பவளத்துக்கு ஒரு விளக்கு

"நீல பல்பு பன்னிரண்டு, வெள்ளை ஆறு. மாத்திப் போட்டுடாதீங்க. பவளத்துக்கு நீல வெளிச்சம்தான் சாப்பாடு," என்றாள் அலங்கார மீன் கடைக்காரி, வலையை அலசிக்கொண்டே.

லிஃப்ட் மெக்கானிக் பையிலிருந்து சின்ன நோட்டை எடுத்து எழுதிக்கொண்டான். விரலெல்லாம் கிரீஸ். நோட்டெல்லாம் அவள் சொன்னவை.

அந்த வணிக வளாகத்தின் நாலு லிஃப்டுகளும் அவன் பொறுப்பு. கீழ்த்தளத்தில் அவள் கடை. சுவர் நிறைய நல்ல தண்ணீர் மீன்கள். கல்லாவுக்குப் பக்கத்தில் மட்டும் ஒரு கடல் தண்ணீர்த் தொட்டி. அதன் பாறைமேல் பச்சையும் ஆரஞ்சுமாகக் காசளவுப் பவளங்கள் பூப்போல விரிந்திருக்கும்.

'என் வீட்லயும் ஒண்ணு இருக்குங்க. ஒன்றரை அடித் தொட்டி. வெளிச்சம் பத்தாம பவளம் வாடுது' என்று முதல் நாள் அவன் பேச்சோடு பேச்சாகச் சொன்னதில்தான் எல்லாம் ஆரம்பித்தது. விற்பனைக்கு இருந்த விளக்குகள் எல்லாம் பெரிய தொட்டிக்கானவை. "அப்ப நானே எல்.இ.டி. வாங்கிச் செஞ்சுடறேன். எப்படின்னு மட்டும் சொல்லுங்க," என்றான். வியாபாரம் போகிறதே என்று பார்க்காமல் அவளும் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்துவிட்டாள்.

ஒரு மாதம் கழித்து ஒருநாள் முகம் தொங்கிப்போய் வந்தான்.

"பன்னிரண்டு நீலத்துல ஒண்ணுகூட எரியலைங்க. அத்தனையும் அவுட்!"

"எல்லாத்தையும் ஒரே வரிசையாக் கோத்தீங்களா?"

"ஆமா."

"அப்ப எதையோ ஒண்ணைத் தலைகீழா சால்டர் பண்ணியிருக்கீங்க. ஒண்ணு முறைச்சுக்கிட்டா மொத்த வரிசையும் படுத்துடும்."

"எங்க சித்தப்பா வீட்டுக் கல்யாணம் மாதிரின்னு சொல்லுங்க."

அவள் சிரித்த சிரிப்பில், மீனுக்குத் தீனி வாங்க வந்தவர் திரும்பிப் பார்த்தார். மறுநாள், "ஒன்பதாவதுதாங்க குற்றவாளி!" என்று படியிலிருந்தே கத்திக்கொண்டு வந்தான்.

அடுத்த வாரம் வேறு கவலை. "விளக்கை ஒட்டியிருக்கிற அலுமினியத் தகடு தோசைக்கல் மாதிரி காயுதுங்க."

"பழைய கம்ப்யூட்டர் ஃபேன் ஒண்ணு மேல மாட்டுங்க. வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு திருகும் வச்சுக்குங்க."

இரண்டையும் செய்தான். முகம் மலர வந்து நின்றான். "நேத்து தொட்டிமேல மாட்டிட்டேங்க!"

"முழு வெளிச்சமாவா? ஐயையோ, எடுத்த எடுப்புல அப்படிக் குடுத்தா பவளம் வெளுத்துடும்!"

"இல்லை இல்லை, கால்வாசிதான்," என்று அவசரமாகச் சொன்னான்.

"சரி, பவளம் எப்படி இருக்கு?"

"ஜோரா இருக்குங்க. காலையில பத்து மணிக்கு விரியுது, சாயங்காலம் அஞ்சு மணிக்கு மூடிக்குது. நடுவுல மதியச் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் லீவு."

அவள் சட்டென்று குனிந்து கல்லாவுக்கு அடியில் எதையோ தேடினாள். நிமிர்ந்தபோது, "அப்ப ஞாயித்துக்கிழமை நேர்லயே வந்து பார்த்துடறேன்," என்றாள்.

அவன் கையிலிருந்த நோட்டு கீழே விழுந்தது.

"வீடு... ஒரே குப்பையாக் கிடக்குமேங்க."

"நான் என்ன வீட்டையா பார்க்க வர்றேன்? விலாசம் சொல்லுங்க."

ஞாயிறன்று கதவைத் திறந்தது அவனுடைய அக்கா. வந்தவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

"மீன் கடையிலேர்ந்து வர்றேங்க. தம்பியோட தொட்டியைப் பார்க்கணும்."

"தொட்டியா? இந்த வீட்ல குளிக்கறதுக்கே பக்கெட்டுதானேம்மா!" என்ற அக்கா உள்ளே திரும்பினாள். "டேய், உன்னைத் தேடி ஆள் வந்திருக்கு. என்னத்தைச் சொல்லி வச்சிருக்கே?"

உள்ளேயிருந்து அவன் மெல்ல வந்தான். இரண்டு கைகளிலும் விளக்கு. பதினெட்டும் வரிசை பிசகாமல் எரிந்தன. ஒரு கம்பிகூடத் துருத்தவில்லை. மேலே ஃபேன் சத்தமில்லாமல் சுற்றியது. கூடம் முழுக்கக் கடலடிபோல நீலம் பரவியது. அந்த வெளிச்சத்திலும் அவன் முகம் வெளுத்திருந்தது தெரிந்தது.

"தொட்டி இல்லைங்க. என்னைக்குமே இருந்ததில்லை," என்றான். "லிஃப்ட் ஓடாதுன்னு நோட்டீஸ் ஒட்டத்தான் அன்னிக்கு உங்க கடைக்கு வந்தேன். நீங்க பவளத்தைக் காட்டிப் பேச ஆரம்பிச்சீங்க. பேச்சு அதோட முடிஞ்சுடுமேன்னு வாய்க்கு வந்ததைச் சொல்லிட்டேன். நாற்பது வயசுல பண்ற வேலையா இதுன்னு கேளுங்க, வாங்கிக்கறேன். ஆனா விளக்கு மட்டும் நிஜம். உங்க கடைக்கே வச்சுக்குங்க."

கடைக்காரி விளக்கைச் சுற்றி வந்து பார்த்தாள். ஒன்பதாவது நீலத்தைக் குனிந்து பார்த்தாள். பிறகு திரும்பி வாசலுக்கு நடந்தாள்.

"போச்சுடா!" என்று அக்கா தலையில் கைவைத்துக்கொண்டாள்.

வாசலில் நின்ற வேனைப் பார்த்துக் கடைக்காரி குரல் கொடுத்தாள்: "அண்ணே, அந்தக் கண்ணாடித் தொட்டியை இறக்குங்க. ஒன்றரை அடிதான், பதமாப் பிடிங்க. பவளத்தை நான் எடுத்துக்கறேன்."

அவன் விளக்கைக் கீழே வைத்துவிட்டு வாசலுக்கு வந்தான். "அப்ப... உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"முதல் மாசமே தெரியும்," என்று சிரித்தாள் அவள். "கடல் தண்ணி கரைக்கிற உப்பு இந்த ஊர்ல என் கடையில மட்டும்தான் கிடைக்கும், நீங்க இன்னைக்கு வரைக்கும் ஒரு பாக்கெட்கூட வாங்கலையே!"