தடைப்பட்டியல்

“ஏன்னா, சுஷ்மாவை அந்த பிளாக்லேர்ந்து எடுத்துடுங்கோ. நாலு வருஷமா எத்தனை மெயில் போட்டாளோ!” என்றாள் ஜலஜா.

மகள் சுஷ்மா சொல்லாமல் கல்யாணம் செய்துகொண்ட அன்றே அவள் மின்னஞ்சல் முகவரியைத் தடைப்பட்டியலில் போட்டவர் வேதாந்தம். தில்லி லோதி ரோட்டில் நடக்கப் போகும்போதெல்லாம் அதைப் பெருமையாகச் சொல்வார்.

“அவ மன்னிப்புக் கேட்டாலும் என் கண்ணுல படப்படாது.”

“என் கண்ணுலயாவது படட்டுமே!” அவள் குரல் உடைந்தது.

“அச்சா, பார்க்கறேன்.”

ஸ்பாம் பெட்டியைத் திறந்தார். தடுத்தவை எல்லாம் அங்கேதான் சேரும். அவர் எதையும் அழித்ததில்லை; தானாகவும் எதுவும் அழியாது. லாட்டரிப் பரிசு, மூட்டுவலித் தைலம், வீட்டுக்கடன். கடைசிவரை தேடினார். மகளிடமிருந்து ஒன்றுகூட இல்லை.

“ஏன்னா, எழுதியிருக்காளா?”

வேதாந்தம் முதுகை நிமிர்த்திக்கொண்டார்.

“நிறைய. படிக்காமலே அழிச்சுட்டேன்.”