எல்லாம் காய்ச்சல்

சைக்கிளைக் கிணற்றுச் சுவரில் சாத்திவிட்டு சோணைமுத்து வேகமாக நடந்தார். சாத்திய இடத்தில் ‘மருந்து போட்டது 28-8-56’ என்று காவியில் பளிச்சென்று எழுதியிருந்தது. சுகாதார இன்ஸ்பெக்டரான அவர் கைப்பட எழுதியதுதான். மாசக் கடைசியில் மேலதிகாரி சோதனைக்கு வருவார், ஏழு குப்பத்துக் கிணற்றுச் சுவர்களும் தயார்.

லீமாரோஸ் குடிசை வாசலில் கிராம முன்சீப் மருதுபாண்டி நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். மடியில் இறப்புப் பதிவேடு. உள்ளே, பாயில், அன்று காலையில் இறந்துபோன லீமாரோஸின் மகள், எட்டு வயது ஜோதிமேரி.

சோணைமுத்து பதிவேட்டைப் பிடுங்காத குறையாக வாங்கினார்.

“ஆகஸ்டு இருபத்தஞ்சு. ஜோதிமேரி. காய்ச்சல். இந்த வாரத்துல மூணு சாவு, மூணும் காய்ச்சலா? உள்ள போயிப் புள்ளையப் பாத்தீகளா?”

“தலையாரி வந்து சொன்னான், எழுதுனேன். எங்கய்யா காலத்துலயிருந்து இப்படித்தான்.”

“காய்ச்சலே இல்லய்யா!” லீமாரோஸ் வெடித்து அழுதாள். “வாந்தியும் பேதியுமாக் கெடந்து போயிட்டா. இப்பச் சின்னவனும் கக்குறான். என்ன நோவுன்னு பாத்துச் சொல்லுங்க, அவனாச்சும் எனக்கு மிஞ்சட்டும்.”

முன்சீப் குரலைத் தாழ்த்தினார். “காலரான்னு எழுதுனா மாதா கோயில் திருவிழாவ நிப்பாட்டிருவாக. ஊரு எம்மேல பாயும். ஒமக்கென்ன?”

சோணைமுத்துவுக்கு ரத்தம் கொதித்தது. ரெண்டு வருஷமாக அவர் போடாத மனு இல்லை. சாவை எழுதுகிற ஆளே காரணத்தையும் எழுதக் கூடாது, ஊருக்குச் சம்பந்தமில்லாத ஒரு டாக்டர் வந்து பார்த்த பிறகுதான் எழுதணும் என்று கரடியாய்க் கத்தியாகிவிட்டது. ‘பரிசீலனையில் உள்ளது’ என்ற பதிலைப் படித்துப் படித்து அவருக்கு அலுத்துவிட்டது. முந்தாநாள் தந்தி அடித்த பிறகுதான் மேலே ஒருத்தர் அசைந்தார்.

மணலில் திணறியபடி ஜீப் வந்து நின்றது. டாக்டர் காதர் மைதீன் இறங்கி நேராக உள்ளே போனார். பிள்ளையின் குழிவிழுந்த கண்களைப் பார்த்தார், தோலைக் கிள்ளிப் பார்த்தார், மூலையில் சுருண்டு கிடந்த சின்னவனின் நாடியைப் பிடித்தார்.

“காலராதான். இவனை ஜீப்புல ஏத்துங்க, உடனே ஆஸ்பத்திரிக்குப் போகணும். முன்சீப், அந்தக் காய்ச்சலை அடிச்சுட்டு எழுதுங்க.”

முன்சீப் தலையைக் குனிந்துகொண்டு பேனாவைத் திறந்தார். சோணைமுத்துவுக்கு அப்போதும் ஆத்திரம் அடங்கவில்லை.

“பாக்காம எழுதுற கைய முறிக்கணும் சார். ஒரு நிமிசம் உள்ள எட்டிப் பாத்திருந்தா மொதச் சாவுலயே தெரிஞ்சிருக்கும். இந்தப் பொண்ணு பொழச்சிருக்கும்.”

“உண்மைதான்,” என்றார் டாக்டர். “குடிக்கிற தண்ணி எங்க எடுக்குறாக?”

“அந்தா, அந்தக் கெணத்துலதான்யா. குப்பத்துக்கே அது ஒண்ணுதான்,” என்றாள் லீமாரோஸ், மகனைத் தோளில் போட்டபடி.

“தண்ணியில ஒரு கொறையும் இல்ல சார்,” என்றார் சோணைமுத்து. “மருந்து போட்டாச்சு. செவத்துலயே எழுதிருக்கு.”

டாக்டர் கிணற்றடிக்குப் போய் ஒரு வாளி இறைத்தார். குனிந்து முகர்ந்தார். மருந்து வாடை துளியும் இல்லை.

சுவரில் சாத்தியிருந்த சைக்கிளை நகர்த்தி வைத்தார். “மருந்து போட்டது, இருபத்தெட்டு, எட்டு, ஐம்பத்தாறு” என்று எழுத்துக்கூட்டுகிற மாதிரி நிறுத்தி வாசித்தார். லீமாரோஸ் ஜீப்பில் ஏறாமல் திரும்பிப் பார்த்தாள்.

“இன்னைக்குத் தேதி இருபத்தஞ்சுதானே, சோணைமுத்து?”