பக்கோடாவின் நாக்கு

நுண்ணோக்கியில் கண்ணை வைத்ததும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

இளஞ்சிவப்புப் பரப்பு முழுக்கக் கொக்கிகள். எல்லாம் தொண்டைப் பக்கமே வளைந்திருந்தன. அடியில் தசை இழைகள், பாய் முடைந்ததுபோல் குறுக்கும் நெடுக்குமாக.

நாக்கு. சந்தேகமே இல்லை.

பூனையின் நாக்கு என்று தைரியமாகச் சொன்னாள்.

கால்நடை மருத்துவக் கல்லூரி. திசுவியல் செய்முறைத் தேர்வு. போன முறை கோட்டைவிட்டாயிற்று. இதுவும் போனால் ஒரு வருடம் போச்சு.

எதிரே உட்கார்ந்திருந்த மேடம்தான் பெண்கள் விடுதிக்கு வார்டனும். விடுதியில் பிராணி வளர்த்தால் அதுவும் வெளியே, வளர்த்தவளும் வெளியே. அவர் போட்ட சட்டம்.

நாயின் நாக்காக ஏன் இருக்கக்கூடாது என்று மேடம் கேட்டார்.

விழுந்து விழுந்து படித்த பதில் சரியாக அந்த நேரம் பார்த்துக் காலை வாரியது.

வாய் முந்திக்கொண்டது.

"நாய் நக்குனா வழவழன்னு இருக்கும், மேடம். பக்கோடா நக்குனா கை எரியும்."

யாரிடம் சொன்னோம் என்பது அப்புறம்தான் உறைத்தது.

விடுதி அறையில் அவள் கட்டிலுக்கு அடியில் அட்டைப்பெட்டி. அதில் பழைய துப்பட்டா. அதன்மேல் பக்கோடா. காலையில் வைத்த பாலைச் சீண்டவே இல்லை. அவள் கன்னத்தைத்தான் நக்கியது. வாயெல்லாம் மத்தி மீன் வாடை. சைவச் சாப்பாடு மட்டுமே போடும் விடுதியில் மீன் ஏது என்று யோசிக்கத் தேர்வு அவசரம் விடவில்லை.

இன்று சாயங்காலம் அது கேட்டுக்கு வெளியே நிற்கும்.

பாஸாகாவிட்டாலும் பரவாயில்லை, பூனை இருந்தால் போதும் என்று அவளுக்குத் தோன்றியது.

மேடம் குனிந்து மதிப்பெண் போட்டார். தலைகீழாகப் பார்த்தும் தெரிந்தது. பாஸ்.

போகலாம் என்று கையைக் காட்டினார்.

அவள் கதவு வரை போய்விட்டாள்.

"இனிமே பால் வைக்காத. அதுக்கு ஒத்துக்கல."

திரும்பிப் பார்த்தாள்.

மேடம் நிமிரவில்லை. புறங்கையில் சிவந்திருந்த இடத்தை லேசாகத் தடவிக்கொண்டிருந்தார்.